கடைசிப் பரிசு வரை உட்காருங்கள்

மற்றவர்களுக்கு விருது கொடுக்கும் வேலை, கல்யாணத்துக்கு மாலை வாங்கப் போனவனின் வேலை மாதிரி; மாலை வாடினால்தான் வாங்கியது யார் என்று கேட்பார்கள்.

நான் ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் கல்லூரியின் மனிதவளப் பிரிவில் உதவியாளர். ஆண்டுக்கு ஒரு தடவை, சிறப்பாகப் பணியாற்றிய ஆசிரியர்களையும் ஊழியர்களையும் பாராட்டி ஒரு விழா எடுப்போம். சனிக்கிழமை பிற்பகல், கல்லூரி மண்டபம், மீஹூன் என்கிற அரிசிச் சேமியா, கறி பஃப், தேநீர், பிறகு மேடை. அலுவலகத்திலோ கோயில் நிர்வாகத்திலோ குடியிருப்புச் சங்கத்திலோ இப்படி ஒரு விழாவை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றால், நீங்களும் என் கூட்டாளிதான். மைக் வேலை செய்யுமா என்று கனவில் பார்த்திருப்பீர்கள்.

எனக்குக் கூடுதலாக ஒரு பயம் இருந்தது. என் வேலை ஒப்பந்த வேலை. அதை நிரந்தரமாக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் நிர்வாகக் குழுத் தலைவர்; அரசு தந்த பட்டத்தால் எல்லோருக்கும் அவர் டத்தோ. அவர் கல்லூரிக்குள் வந்து ஊழியர்களைப் பார்ப்பதே இந்த ஒரு விழாவில்தான். என் மேலதிகாரி திருமதி ராஜநாயகம் யாழ்ப்பாணத்து வழி வந்தவர், வார்த்தையை அளந்து பேசுபவர். அவர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த திங்கட்கிழமை டத்தோவிடம் உம்முடைய கடிதத்தை வைக்கப் போகிறேன், அதற்கு முன் அவர் கண்ணுக்கு மண்டபம் நிறைந்திருக்க வேண்டும் என்றார். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். மண்டபத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தாலும் அது என் பட்டத்தில் விழுந்த ஓட்டை என்று நினைத்துக்கொண்டேன்.

வேண்டாம் என்றவர்

கணக்கியல் விரிவுரையாளர் தியாகராஜன் சாரின் பெயரை அவருடைய மாணவர்களே முன்மொழிந்திருந்தார்கள். தேர்ச்சி பெறாத பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலையில் சம்பளமில்லாமல் பாடம் எடுப்பவர். நியாயமான தேர்வு. முடிவு இரகசியம். ஆனால் எங்கள் கல்லூரியில் இரகசியம் என்பது முதலில் கேன்டீனுக்குப் போய்விட்டுப் பிறகுதான் எங்கள் அலுவலகத்துக்கு வரும்.

ஒரு நாள் காலை வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். தனக்கு விருதெல்லாம் வேண்டாம், இளையவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கொடுங்கள் என்றார். எனக்கு நெஞ்சே இளகிவிட்டது. மறுநாளும் வந்தார், அதையே சொன்னார். அதோடு, திரையில் காட்ட என்னிடம் இருக்கும் படம் பழையது, அதில் தனக்கு மீசை இருக்கிறது என்றார். அதற்கடுத்த நாள் மீசையில்லாத படத்தை அவரே கொண்டுவந்து வைத்தார். ஒன்றும் சொல்லக் கூடாது என்பது விதி. ஒன்றும் சொல்லாமல் இருப்பதும் எனக்குப் பொய் மாதிரிதான் இருந்தது. கடைசியில், சார், நீங்கள் சொன்னதைத் தேர்வுக் குழுவிடம் சொல்லிவிடுகிறேன், உங்கள் பெயரை எடுத்துவிடுவார்கள் என்றேன். அவர் முகம் மாறியது. கதவு வரை போனவர் திரும்பி வந்தார்.

"என் பேரப் போடாதம்மா, நான் அப்பவே சொல்லிட்டேன். அப்படியே போட்டாலும் இனிஷியலோட போடு."

சூலியா தெருவில் ஒரு யோசனை

கேடயம் வாங்க சூலியா தெருவை ஒட்டிய சந்தில் இருக்கும் கடைக்குப் போனேன். கடைக்கார மாமாவுக்கு வெள்ளைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி. கடை முழுக்க யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகாத கோப்பைகள். பள்ளிக்கூட ஓட்டப் பந்தயம், கேரம், பட்டம் விடும் போட்டி. நடக்காமல் போன போட்டிகளும் அதில் இருந்தன என்றார்.

கண்ணாடி மாதிரி இருக்குமே, அந்தக் கேடயம் வேண்டும் என்றேன். விலை சொன்னார். என் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு, உள்ளே போய்த் தூசி தட்டி ஒரு வரிசைக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு தங்க நிற மனிதன் எம்பிக் குதித்துப் பூப்பந்து ஆடிக்கொண்டிருந்தான். பாதி விலை. இது கல்லூரி விருது, மாமா, ஆசிரியர்களுக்கு என்றேன். அவர் யோசித்தார். தங்க மனிதனின் கையிலிருந்த மட்டையை விரலால் மூடிக் காட்டினார்.

"மட்டைய மட்டும் ஒடிச்சிருவோம். கையத் தூக்கிப் பாடம் நடத்துற மாதிரியே இருக்கும்."

வீட்டில் நான் யார்

நான் கல்லூரியில் வேலை செய்கிறேன் என்பதை அப்பா கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அங்கே லாரி ஓட்டுகிறார், சொல்வதற்கு ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 'கல்லூரியில் வேலை' என்பதை அவர்கள் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்பதை அவர் கண்டுகொள்வதில்லை. பக்கத்து வீட்டு அக்கா தன் மகனுக்கு இயற்பியலில் சந்தேகம் என்று என்னிடம் அனுப்பினார். நான் படித்தது வணிக நிர்வாகம் என்று விளக்கியதும் அந்தப் பையன் என்னைவிட நிம்மதியாகத் திரும்பிப் போனான்.

விழாவைப் பற்றிச் சொன்னபோது, மேடையில் நானும் ஏறுவேனா என்று அப்பா கேட்டார். ஏறுவேன், கேடயத்தைத் தட்டில் வைத்து டத்தோவுக்கு எடுத்துக் கொடுக்க என்றேன். அம்மாவுக்கு வேறு சந்தேகம். பக்கத்து வீட்டில் ஏர் ஃபிரையர் வாங்கியதிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மாவுக்கு மனம் ஒட்டவில்லை. இந்த விழாவில் சாமான் எதுவும் கொடுப்பார்களா என்று விசாரித்தார். அதிர்ஷ்டக் குலுக்கு உண்டு, அதில் வீட்டுச் சாமான்கள் வைத்திருக்கிறோம், ஊழியர் எல்லோருக்கும் ஒரு நம்பர், எனக்கும் உண்டு என்றேன். மற்றபடி அன்றைக்கு என்ன வேலை என்றார். நேர்மையாகச் சொன்னேன்: வாசலில் நின்று டோக்கன் வாங்கிக்கொண்டு சாப்பிட அனுப்ப வேண்டும். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்ளோ படிச்சி, கடைசில கறி பஃப்புக்குக் காவலா?"

நான் செய்த சீர்திருத்தம்

எனக்கு இது முதல் விழா. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் போகும்போது எந்தக் குறிப்பையும் விட்டுவிட்டுப் போகவில்லை. நானே நிகழ்ச்சி நிரல் போட்டேன். விருதுதான் விழாவின் முக்கியம், ஆகவே அது கடைசியில் வர வேண்டும். அதிர்ஷ்டக் குலுக்கு வெறும் விளையாட்டு, அதை முன்னால் முடித்துவிடலாம். டத்தோ வேறொரு நிகழ்ச்சியிலிருந்து நாலரைக்குத்தான் வருகிறார் என்பதும் இதற்கு ஒத்து வந்தது. திருமதி ராஜநாயகம் படித்துப் பார்த்துவிட்டுப் பாராட்டினார். அவர் எப்போதும் முதல் வரிசையில் உட்காருபவர், பின்னால் திரும்பிப் பார்க்கும் பழக்கமில்லாதவர். விருது கடைசியில் இருந்தால் பரவாயில்லையா என்று நான் கேட்டதற்கு, எங்கட ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள், எப்போதும் கடைசி வரை இருப்பினம் என்றார். அச்சடித்துவிட்டோம்.

எங்கள் நிரந்தர அறிவிப்பாளர் நூலகத்தில் வேலை செய்யும் ஹமீது அண்ணன். அவர் மெக்காவுக்கு உம்ரா யாத்திரை போயிருந்தார். விழாவன்று காலையில்தான் நிரல் அவர் கைக்கு வந்தது. படித்தார், தாளைத் திருப்பிப் பார்த்தார், மறுபடி படித்தார். இத்தனை வருஷமும் குலுக்குதான் கடைசி என்று அப்போதுதான் தெரிந்தது. மாற்றலாமா என்று நான் திருமதி ராஜநாயகத்திடம் ஓடினேன். அச்சடித்தது அச்சடித்ததுதான் என்றார். திரும்பி வந்து சொன்னேன். ஹமீது அண்ணன் சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டே சொன்னார்.

"சாமான் கைக்கு வந்தப்புறம் நம்ம ஆளுங்க உக்காந்திருப்பாங்களா தங்கச்சி? அஞ்சு மணிக்குப் பாலத்துல ஜாம் லா."

எனக்கு விழுந்தது

எனக்கு இதுவரை எதுவும் விழுந்ததில்லை. பள்ளியில் நன்கொடைச் சீட்டு வாங்கினாலும் சரி, பேரங்காடியில் கூப்பன் எழுதிப் போட்டாலும் சரி. அன்றைக்கு ஹமீது அண்ணன் ஒரு நம்பரைக் கூப்பிட்டார், யாரும் எழுந்திருக்கவில்லை, மறுபடி கூப்பிட்டார். நான் தேநீர்ப் பாத்திரத்தின் குழாய் ஒழுகுவதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து என்னைத் தள்ளிவிட்டார். மேடையில் ஏறினேன். ஏர் ஃபிரையர்.

பெட்டியை மேடை ஓரத்தில் என் நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டு, படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே குரல் பதிவு வந்தது. பின்னணியில் ஏதோ நகர்த்தும் சத்தம்.

"அடுப்புக்குப் பக்கத்துல எடம் பண்ணிட்டேன். கோழிய ஃபிரிட்ஜ்லேர்ந்து எடுத்து வெளிய வச்சிட்டேன், சீக்கிரம் வா."

செல்வி அக்காவின் ரைஸ் குக்கர்

கடைசிப் பரிசான சலவை இயந்திரம் உடற்பயிற்சி ஆசிரியருக்குப் போனது. கைதட்டல் அடங்குவதற்குள் நாற்காலிகள் பின்னால் நகரும் சத்தம் கேட்டது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு வரிசை வரிசையாக. பட்டர்வொர்த்தில் இருப்பவர்கள் ஃபெர்ரிக்கு, மற்ற அக்கரைக்காரர்கள் பாலத்துக்கு. ஒவ்வொருவரும் என்னைக் கடக்கும்போது விழா ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். விழா இன்னும் தொடங்கவில்லை என்று எத்தனை பேரிடம்தான் சொல்வது? மண்டபத்தில் உறுதியாக உட்கார்ந்திருந்தவர்கள் முதல் வரிசைக்காரர்களும் தியாகராஜன் சாரும்தான். சார் தலை வாரிக்கொண்டிருந்தார்.

துணைப் பணியாளருக்கான விருது துப்புரவுப் பிரிவுச் செல்வி அக்காவுக்கு. வெள்ளம் வந்தபோது நூலகத்தின் கீழ்த்தட்டுப் புத்தகங்களையெல்லாம் ஆட்களைத் திரட்டி மாடிக்கு ஏற்றியவர். அவரைக் காணவில்லை. வண்டி நிறுத்துமிடத்துக்கு ஓடினேன். குலுக்கில் விழுந்த ரைஸ் குக்கரை மோட்டார் சைக்கிளில் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தி, பிளாஸ்டிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் இருங்கள் அக்கா என்றேன். எதற்கு என்றார். காரணம் சொல்லக் கூடாது. வேறு காரணம் சொல்ல எனக்கு வரவில்லை. மூச்சு வாங்க உண்மையைச் சொல்லிவிட்டேன்: உங்களுக்குத்தான் விருது, மேடையில் கூப்பிடுவார்கள். அவர் சந்தோஷமாகச் சிரித்தார். வானத்தை அண்ணாந்து பார்த்தார். இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"விருத திங்கக்கிழம வந்து வாங்கிக்கிறேன்மா. மழை புடிச்சா குக்கர் நனைஞ்சிடும்."

ஹமீது அண்ணன் வாய் திறந்தார்

அந்த நேரத்தில் டத்தோவின் கார் கல்லூரி வாசலில் திரும்புவது தெரிந்தது. நான் மண்டபத்துக்குள் ஓடினேன். காலி நாற்காலிகள் என்னைப் பார்த்தன. திங்கட்கிழமை என் கடிதம் எந்த மேசையிலும் ஏறப் போவதில்லை என்று தெரிந்துவிட்டது. அப்பா எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன்.

அப்போது வெளியே இருக்கும் ஒலிபெருக்கியில் ஹமீது அண்ணனின் குரல், அவசரமே இல்லாமல், தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் மாறி மாறி வந்தது. யாரும் போய்விட வேண்டாம், இன்னும் ஒரு பரிசு பாக்கி இருக்கிறது, எல்லா நம்பரையும் மறுபடி பெட்டியில் போட்டாகிவிட்டது, விருதுகள் முடிந்ததும் டத்தோவே எடுப்பார், ஆள் மண்டபத்தில் இருந்தால்தான் பரிசு. வண்டிகள் நின்றன. கதவுகள் திறந்தன. போனவர்கள் எல்லோரும், ஏதோ கழிப்பறைக்குப் போய்விட்டு வருகிறவர்கள் போல, முகத்தை இயல்பாக வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். செல்வி அக்கா கயிறோடு குக்கரை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மேடை ஓரமாகப் போய் ஹமீது அண்ணனிடம் கேட்டேன். அண்ணே, பரிசு எல்லாம் முடிந்துவிட்டதே, எதைக் கொடுப்பது? மெக்காவிலிருந்து வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, இப்படிப் பொய் சொல்லலாமா? அவர் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், கொஞ்சம் கீழே பார்த்தார்.

"நான் பொய் சொல்லலையே தங்கச்சி. பரிசு இருக்கு. உன் நாற்காலிக்குக் கீழதான் இருக்கு."

டத்தோவுக்கு வந்த சந்தேகம்

டத்தோ உள்ளே வந்தபோது உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் திகைத்துப் போனார். பல விழாக்களுக்குப் போகிறவர். விருது நேரத்தில் எவ்வளவு பேர் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரியாதா? திருமதி ராஜநாயகம் பெருமையோடு முதன்முறையாகத் திரும்பிப் பின்வரிசைகளைப் பார்த்தார். நான் அந்த நேரத்தில் ஏர் ஃபிரையர் பெட்டியிலிருந்து என் பெயர் எழுதிய ஒட்டுத்தாளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி பையில் அதிர்ந்தது. அம்மா. எடுக்கவில்லை.

டத்தோவை மேடைக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது. படிக்கட்டில் அவர் நின்றார். ஏதோ கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். அவர் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லக் கேட்டார்.

"உள்ள வரும்போது கேட்டேன், இன்னும் ஒரு பரிசு இருக்காமே. எனக்கு நம்பர் குடுக்கலையேம்மா?"

முன் இருக்கையில் யார்

விருதுகள் நன்றாகவே நடந்தன. கைதட்டவும் செய்தார்கள், ஆள் போகாமல் உட்கார்ந்துவிட்டால் மனிதர்கள் நல்லவர்கள்தான். செல்வி அக்கா குக்கரைக் கீழே வைக்க மனமில்லாமல் அதோடு மேடையேறினார். படத்தில் டத்தோ அவருக்குக் கேடயம் கொடுக்கிறாரா, அவர் டத்தோவுக்குக் குக்கர் கொடுக்கிறாரா என்று சொல்ல முடியாது. நூலகத்தார் அத்தனை பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். அக்கா கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். தியாகராஜன் சார், இதை நான் சற்றும் எதிர்பார்க்கவில்லை என்று தொடங்கி, சட்டைப் பையிலிருந்து எழுதிவைத்த உரையை எடுத்தார். பெயர் இனிஷியலோடுதான் இருந்தது.

பிறகு டத்தோ பெட்டிக்குள் கையை விட்டார். மண்டபத்தில் அப்படியொரு அமைதி, எந்த உரைக்கும் கிடைக்காத அமைதி. நம்பர் தியாகராஜன் சாருடையது. அவர் மேடைக்கு ஓடி வந்ததை அவருடைய மாணவர்கள் பார்க்காதது நல்லது. என் ஏர் ஃபிரையரை நானே தட்டில் வைக்க முடியாமல் கட்டிப்பிடித்துத் தூக்கி டத்தோவிடம் கொடுத்தேன். மண்டபம் காலியான பிறகு, நான் முழு விலை கொடுத்தே வாங்கிய கேடயங்களில் ஒன்று முதல் வரிசையில் கிடந்தது. எடுத்துக்கொண்டு சாரின் காருக்கு ஓடினேன். ஏர் ஃபிரையர் முன் இருக்கையில் இருந்தது. இருக்கைப் பட்டையும் போட்டிருந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"அடடே, அதுவா? பின்னால எங்கயாச்சும் போடும்மா."

வெறுங்கை

ஃபெர்ரியில் பட்டர்வொர்த் போய்ச் சேரும்வரை அம்மாவிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் உண்மையிலேயே இடம் செய்திருந்தார். அரிசி டின் கூடத்துக்கு வந்துவிட்டது. கோழி மசாலாவில் ஊறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, எப்படி இயக்குவது என்று காட்டிக்கொடுக்க வந்து உட்கார்ந்திருந்தார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா மெல்ல எழுந்து போய்விட்டார்.

அப்பா எனக்காகப் பேசினார். சாமான் இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும், பிள்ளை புத்தியாக நடந்து வேலையைக் காப்பாற்றியிருக்கிறாள், அதைப் பார் என்றார். அம்மா எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தார். கோழித் துண்டை எண்ணெயில் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"இவ எங்க காப்பாத்துனா? காப்பாத்துனது என் ஏர் ஃபிரையர்."

திங்கட்கிழமை

காலையில் திருமதி ராஜநாயகம் கூப்பிட்டார். டத்தோ மிகவும் மகிழ்ச்சி, இந்தக் கல்லூரி ஊழியர்களைப் போல ஒருவரையொருவர் மதிப்பவர்களைத் தான் பார்த்ததில்லை என்று சொன்னாராம். நிகழ்ச்சி நிரலைப் போட்டது யார் என்றும் கேட்டாராம். என் பெயரைச் சொன்னதாகத் திருமதி ராஜநாயகம் சொன்னார். கடிதம் மேசைமேல் கவிழ்ந்திருந்தது. அதை நான் அப்படியே வாங்கிக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். நீங்கள் என் இடத்தில் இருந்தால் வந்திருப்பீர்கள், புத்தியுள்ளவர்கள்.

நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். நிரல் தவறு, ஆட்கள் போய்விட்டார்கள், திரும்பி வந்தது விருதுக்கு அல்ல, அந்தப் பரிசு கல்லூரியுடையதும் அல்ல. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் வரிசையில் இருந்தாலும் நாற்காலி நகரும் சத்தம் தனக்குக் கேட்கும் என்றார். ஒட்டுத்தாளை நான் சுரண்டியதையும் பார்த்தாராம். பிறகு கடிதத்தைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். டத்தோ சனிக்கிழமையே போட்டுவிட்டுப் போன கையெழுத்து அதில் இருந்தது.

"அடுத்த முறையும் கடைசியில ஒரு சாமான் வைக்க வேணும், பிள்ளை. ஆனா அது உம்முடைய சாமானா இருக்கக் கூடாது."

இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்: நல்ல வேலை செய்தவரைப் பாராட்ட நாலு நல்ல வார்த்தை போதும், ஆனால் அந்த நாலு வார்த்தையும் முடியும்வரை மற்றவர்களை உட்கார வைக்க மின்சாரத்தில் ஓடும் ஒரு சாமான் வேண்டும்.